குத்துமதிப்பிலிருந்து கருதுகோள் வரை

1979ஆம் வருஷம். பிளஸ் டூ என்ற புதுப் படிப்பு அதற்கு முந்தைய வருஷம்தான் வந்திருந்தது. புத்தகமும் புதிது, வாத்தியார்களாகிய எங்களுக்குப் பாடமும் பாதி புதிது. நான் வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவகாட்ரோ. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம பருமனுள்ள வாயுக்கள் எல்லாவற்றிலும் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று எழுதி, மேலே ‘அவகாட்ரோ கருதுகோள்’ என்று தலைப்பும் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா செங்கல் சூளையில் மேஸ்திரி. "சார், கருதுகோள்னா குத்துமதிப்புங்களா?" என்று கேட்டான்.

கேட்டது குறும்புக்கு அல்ல. இப்போது எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். அன்றைக்கு எனக்கு முப்பது வயது. வகுப்பில் ஐம்பத்தைந்து பேர். வெயில். "குத்துமதிப்பு வேணும்னா உங்கப்பன் சூளைக்குப் போடா, இங்க ஏன் வர்றே" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவனும் கொஞ்சம் சிரித்த மாதிரி செய்துவிட்டு உட்கார்ந்தான். பிறகு இரண்டு வருஷமும் அவன் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. படித்த பாடங்கள் பாதி மறந்துபோயின. இந்தச் சிரிப்புச் சத்தம் மட்டும் மறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்ன என்று பிறகு பல நாள் தேடியிருக்கிறேன். தேடத் தேட அது வேதியியலை விட்டுத் தமிழுக்குள் போய்விட்டது. மனிதன் ஒன்றை நினைக்கிறான், யூகிக்கிறான், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், பிறகு நிரூபிக்கிறான் அல்லது கைவிடுகிறான். இந்த ஒவ்வொரு படிக்கும் தமிழில் எத்தனை சொல் இருக்கிறது, அவை எங்கிருந்து வந்தன என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் மணிமேகலைக்குப் போக வேண்டும். காவியம் என்றால் அட்சய பாத்திரமும் மணிபல்லவமும்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். பள்ளிக்கூடத்தில் அதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் கடைசிக் காதைகளில் சாத்தனார் ஒரு பெரிய தருக்க வகுப்பே நடத்துகிறார். 27ஆம் காதையில் வஞ்சி மாநகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உங்கள் பொருள் என்ன என்று கேட்கிறாள். முதலில் வருகிற அளவை வாதி, ஒன்றை அறிந்துகொள்ள எத்தனை வழி உண்டு என்று அடுக்குகிறான். கண்ணால் காண்பது காட்சி. மனத்தால் கருதி அறிவது கருதல். வடமொழியில் அனுமானம் என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் அன்றே இருந்திருக்கிறது. அதையும் மூன்றாகப் பிரிக்கிறான்: பொது, எச்சம், முதல். காட்டில் பிளிறல் கேட்டு அங்கே யானை இருக்கிறது என்று அறிவது பொது. ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்று துணிவது எச்சம். கருத்த மேகத்தைப் பார்த்து மழை வரும் என்று சொல்வது முதல்.

இதைப் படித்தபோது எனக்குப் பூண்டி ஏரி ஞாபகம் வந்தது. நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது புரியும். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் அந்த நீர்த்தேக்கம் கட்டி முடித்த நாளிலிருந்து, ஏரியில் தண்ணீர் ஏறினால் மேற்கே மழை என்று சொல்லிவிடலாம். சுத்தமான எச்சம். 1996இல் கண்டலேறிலிருந்து கால்வாய் வழியாகக் கிருஷ்ணா தண்ணீர் வந்து சேர்ந்ததோ இல்லையோ, அந்த அனுமானம் கெட்டுப்போயிற்று. மழைத்துளி விழாத மாதத்திலும் ஏரி ஏறுகிறது. அளவை வாதி சொன்ன வழி பிழையல்ல. ஆனால் ஒரு விளைவுக்கு ஒரே காரணம்தான் என்று நாம் வைத்துக்கொண்டிருந்தோமே, அது பிழையாகிவிட்டது. இந்த ஓர் உதாரணத்தை வைத்து மூன்று பாடவேளை நடத்தியிருக்கலாம். எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தோன்றிற்று. வாத்தியார் தொழிலில் நல்ல உதாரணமெல்லாம் பென்ஷனோடு சேர்ந்துதான் வரும்போலிருக்கிறது.

29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறார். நிறுவ வேண்டிய கூற்று பக்கம். அதற்குக் காரணம் ஏது. அதற்கு உதாரணம் திட்டாந்தம். பார்வைக்குச் சரியாகத் தெரிந்து உள்ளே பிழையாக இருப்பதற்குப் போலி என்று பெயர்: பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி. இன்றைக்கு நாம் போலி டாக்டர், போலிப் பத்திரம் என்று பேசுகிற அதே போலிதான். தவறான வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து வேறு மொழியில் இல்லை. உ.வே.சாமிநாதையர் மணிமேகலையை 1898இல் அச்சிட்டபோது இந்தப் பௌத்தப் பகுதிகள் பிடிபடாமல் பெரிதும் சிரமப்பட்டார். கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய ரங்காசாரியார் உதவியால்தான் பல இடங்கள் துலங்கின. ஆக, இந்தச் சொற்கள் எழுதப்பட்டுப் பல நூற்றாண்டு கழிந்து, நம் தாத்தா காலத்தில் மறுபடி கண்டெடுக்கப்பட்டவை.

கண்டெடுக்கப்பட வேண்டிய அவசியமே இல்லாமல் வழக்கிலேயே இருந்துவந்த வரிசை இன்னொன்று உண்டு. அதுதான் ‘கொள்’ என்ற வினையிலிருந்து வந்த குடும்பம். கொள்கை, கோட்பாடு, கருதுகோள் மூன்றும் உடன்பிறப்புகள். கொள் என்பது நீண்டு கோள் ஆகிறது. கோள் என்றால் கொள்ளுதல், பிடித்தல். கோள் என்பதோடு பாடு சேர்ந்து கோட்பாடு. கருதிக் கொள்வது கருதுகோள். கணக்கில் முதலிலேயே எடுத்துக்கொண்டு தொடங்குவது எடுகோள். பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் நூலாசிரியன் கைக்கொள்ளும் ஏழு வகை மதங்களைச் சொல்கிறார். மதம் என்றால் இங்கே சமயம் அல்ல, கருத்து நிலை. பிறர் சொன்னதை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், முதலில் ஒப்புக்கொண்டு பிறகு களையலாம், தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்தலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம். இருவர் மாறுபட்டு நிற்கும்போது ஒரு பக்கத்தைத் துணிவதும் அதில் ஒன்று. அந்த மாறுபாட்டுக்கு அவர் தரும் சொல் மாறுகோள். ஒருவன் தன் கருத்தை எப்படி உருவாக்கிக்கொள்கிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் எந்த ஆராய்ச்சி வழிகாட்டிப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

கோள் என்ற சொல்லை வகுப்பில் சொல்லும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். செவ்வாய், புதன் எல்லாம் கோள்தான். அடுத்தவனைப் பற்றிப் போட்டுக்கொடுப்பதும் கோள்தான். ஒரு வருஷம் ‘கருதுகோள் என்பது சூரியனைச் சுற்றிவரும்’ என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அதற்கு நான் மதிப்பெண் தரவில்லை. தராதது இன்றைக்கும் நியாயமாகவே படுகிறது.

இந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை மட்டும் வழி தவறிப் போயிற்று. மேற்கோள். இன்றைக்கு மேற்கோள் என்றால் வேறொருவர் சொன்னதை எடுத்துச் சொல்வது. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் சிவஞானபோதம் செய்தபோது மேற்கோள் என்பது அவர் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. பன்னிரண்டு நூற்பாக்கள். ஒவ்வொன்றையும் பிரித்து, மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று கட்டிக்கொண்டு போகிறார். மணிமேகலையின் பக்கமும் ஏதுவும் திட்டாந்தமும் சைவத்துக்கு வந்து இப்படி உட்கார்ந்தன. சொந்தமாக நிறுவவேண்டியதற்கு இருந்த சொல், இரவல் வாக்கியத்துக்குப் பெயராகிவிட்டது. சொந்தமாக நிறுவுகிறவர்கள் குறைந்து எடுத்துச் சொல்கிறவர்கள் பெருகிவிட்டதால் இருக்கலாம் என்று ஒரு நண்பரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மேடைப் பேச்சாளர் அவர்.

கொள்கையின் கதை வேறு. திருக்குறளில் பெரியாரைப் பிழையாமை அதிகாரத்தில் கொள்கை என்பது தவத்தார் உறுதியாகக் கடைப்பிடிக்கும் விரதம். ஒழுக்கம் சார்ந்த சொல். இருபதாம் நூற்றாண்டில் அதே சொல்லைக் கட்சிகளும் எடுத்துக்கொண்டன, சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பும் எடுத்துக்கொண்டது, அறிவியல் பாடப்புத்தகமும் எடுத்துக்கொண்டது. டால்டனின் அணுக் கொள்கை, குவாண்டம் கொள்கை, பரிணாமக் கொள்கை. இதனால் வந்த வினை என்ன தெரியுமா? "அது அவங்க கொள்கை சார், நமக்கு வேற கொள்கை" என்று டார்வினைப் பற்றி ஒரு சக ஆசிரியரே என்னிடம் சொன்னார். கட்சி மாறுவது போல அறிவியலில் கொள்கை மாறிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்துவிட்டார். பிற்பாடு பல புத்தகங்களில் கோட்பாடு என்று எழுத ஆரம்பித்தது நல்லதுக்குத்தான் என்பது என் அபிப்பிராயம். சித்தாந்தம் என்ற சொல் இன்னும் கனமானது. விவாதத்தில் எதிராளி சொல்வதைப் பூர்வபட்சம் என்று முதலில் வைத்து, அதைக் களைந்து, கடைசியில் நிலைநாட்டிய முடிவுதான் சித்தாந்தம். அந்தம் என்ற சொல்லே முடிவைத்தான் சொல்கிறது. ஆகவே சோதனைக்குக் காத்திருக்கும் ஒன்றைச் சித்தாந்தம் என்று சொன்னால் அது குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டுவது.

ஊகம் வடமொழி வழி வந்தது. பேச்சில் யூகம். பழைய இலக்கியத்தில் ஊகம் என்றால் கருங்குரங்கு என்றும் ஒரு பொருள் உண்டு. கிளைக்குக் கிளை தாவுவதால் பொருத்தம்தான் என்று நான் சொல்லிக்கொள்வேன், அது என் ஊகம். உத்தேசம், அபிப்பிராயம், கற்பனை, யோசனை, எண்ணம், கருத்து எல்லாம் நம் வீட்டுச் சொற்கள். தியரி என்பதும் இப்போது தமிழ்தான். ஐ.டி.ஐ. பையனைக் கேட்டால் தியரி என்றால் உட்கார்ந்து எழுதும் பரீட்சை, பிராக்டிகல் என்றால் லேத்தில் நிற்பது என்பான். கிரேக்கத்தில் அந்தச் சொல்லின் வேர் பார்ப்பது என்ற பொருள் உடையது. வடமொழியில் சாத்திரங்களைத் தரிசனம் என்பதும் பார்ப்பதிலிருந்து வந்ததே. தமிழன் மட்டும் பார்த்ததோடு நிற்காமல் கையால் பிடித்துக்கொள்கிறான். எனக்கு இதில் ஒரு சிறு பெருமை உண்டு. அதற்கு மேல் இதில் எதையும் ஏற்றிச் சொல்ல விரும்பவில்லை.

சரி, மணிமேகலையில் சொல் இருந்தது, நன்னூலில் சொல் இருந்தது. அப்படியானால் 1979இல் அந்தப் பையனுக்கு ஏன் அது அந்நியமாக இருந்தது? நடுவில் புது அறிவியல் வேறு மொழியில் வந்து இறங்கிவிட்டது. அதைத் தமிழுக்குக் கொண்டுவர முதலில் பாடுபட்டவர் ஓர் அமெரிக்கர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, ரண வைத்தியம், பிரசவம், ரசாயனம் என்று அவரும் அவர் மாணவர்களும் தமிழில் கொண்டுவந்தது நாலாயிரம் பக்கத்துக்கு மேல். 1873இல் ஊர் திரும்பினார், 1884இல் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொன்ன மனிதர். தாய்மொழி தமிழான நாம் அவரை எத்தனை தடவை நினைத்திருப்போம்?

இங்கே 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் சாஸ்திரீய பரிபாஷைச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கிக் கலைச்சொற்களுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார்கள். பாரதியாருக்கும் இந்தப் பரிபாஷை விஷயத்தில் அக்கறை இருந்தது. மெம்பர் என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடி நெடுநேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, ஒன்றும் திருப்திப்படாமல் கடைசியில் மெம்பர் என்றே எழுதியதை அவரே சொல்லியிருக்கிறார். பாரதிக்கே அப்படியென்றால் நாமெல்லாம் எந்த மூலை.

1930களில் இது சண்டையாகவே ஆயிற்று. 1936இல் பச்சையப்பன் கல்லூரியில் சுவாமி விபுலாநந்தர் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூடியது. அதன் பலனாகச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்கள் தொகுதியை வெளியிட்டது. அதைப் பள்ளிகள் எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் 1940இல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசு அமைத்த குழு வடமொழிச் சொற்களின் பக்கம் சாய்ந்தது. தமிழறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். வெறும் சொல்லுக்கா இவ்வளவு சண்டை என்று இளைஞர்கள் கேட்கலாம். அனுமானமா கருதலா என்பது, வகுப்பில் பின் வரிசையில் இருப்பவனுக்கு அந்தச் சொல் தன் வீட்டிலிருந்து வந்ததாகத் தோன்றுமா, அயலார் வீட்டிலிருந்து வந்ததாகத் தோன்றுமா என்ற கேள்வி. அதற்குச் சண்டை போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதே சமயம் அனுமானம் என்று சொல்லியே என் பாட்டி ரசத்துக்குப் புளி போட்டாள். அவளுக்கு அது அயலார் வீட்டுச் சொல்லாகத் தோன்றியதே இல்லை. இரு தரப்பாரும் இந்தப் பாட்டிகளைக் கேட்டிருக்கலாம்.

சண்டை ஓய்ந்த பிறகு வேலை நடந்தது. 1948இல் கோவையிலிருந்து கலைக்கதிர் வந்தது. அவினாசிலிங்கம் செட்டியாரின் தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு 1954இல் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியை வெளியிட்டது. 1968இல் பத்தாவது தொகுதியோடு நிறைவு. 1967இல் யுனெஸ்கோ கூரியர் தமிழில் வர ஆரம்பித்தது, மணவை முஸ்தபா அதன் ஆசிரியராக இருந்து ஆயிரக்கணக்கில் சொற்களைப் புழக்கத்தில் விட்டார். 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் தனியாகச் சொற்றொகுதிகள் போட்டது. அங்கே பௌதிகவியல், இரசாயனவியல். இங்கே இயற்பியல், வேதியியல். இத்தனை பேர் உழைப்பில் பக்குவமாகி வந்த சொற்களில் ஒன்றுதான் அன்றைக்கு நான் கரும்பலகையில் எழுதிய கருதுகோள்.

எனக்கே அந்தச் சொல் எளிதாக வரவில்லை. பள்ளியில் பதினோரு வருஷம் தமிழில் படித்துவிட்டு, 1965இல் சென்னையில் பி.யு.சி. சேர்ந்தேன். எல்லாம் ஆங்கிலம். ‘ஹைப்பாதிஸிஸ்’ என்று பேராசிரியர் சொன்னதைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். பொருள் கேட்கக் கூச்சம். ஆறு மாதம் அது ஏதோ ஒரு வியாதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட நான்தான் பதினான்கு வருஷம் கழித்து, பொருள் கேட்ட பையனை உட்கார வைத்தவன்.

அவகாட்ரோவுக்கும் இது தெரிந்திருக்கும். அவர் அதை 1811இல் சொன்னார். அரை நூற்றாண்டு யாரும் சட்டை செய்யவில்லை. 1856இல் அவர் இறந்துபோனார். 1860இல் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்தில் வேதியியலார் கூடியபோது, கன்னிஸாரோ என்ற இத்தாலியர் அதை எடுத்துவைத்து வாதாடினார். அதன் பிறகே அது மெல்ல மெல்ல ஏற்கப்பட்டது. இன்றைக்குப் பல புத்தகங்களில் அது அவகாட்ரோ விதி. கருதுகோளாகப் பிறந்து விதியாக உயர்ந்தது. பிறந்தபோது அது என்ன? பார்த்த சில விவரங்களை வைத்து, இப்படி இருந்தால் எல்லாம் ஒத்துவரும் என்று ஒரு மனிதர் போட்ட மதிப்பு. சூளை மேஸ்திரி போடுவதற்கும் அதற்கும் வகையில் வேறுபாடு இல்லை. அதை மற்றவர்கள் சோதிக்கும்படி எழுதிவைத்தார் என்பதுதான் வேறுபாடு.

நம் ஊர்ப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. திருப்பாச்சூரிலிருந்து பூண்டி தாண்டிப் போனால் அத்திரம்பாக்கம். 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் துறை அதிகாரி, சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல். அதே செப்டம்பரில் வில்லியம் கிங் என்பவரோடு அத்திரம்பாக்கம் வந்து அங்கே குவியலாகக் கண்டார். அந்தக் கற்களை அதற்கு முன்னால் எத்தனை மாடு மேய்த்தவர்கள் மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள். பூட்டின் கண்ணுக்கு மட்டும் ஏன் பட்டது? நான்கு வருஷம் முன்புதான் பிரான்ஸில் கிடைத்த இப்படிப்பட்ட கற்கள் ஆதி மனிதன் செய்தவையே என்று ஆங்கில அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்தால் இங்கேயும் இருக்கலாம் என்ற எண்ணம் முதலில் மனத்தில் விழுந்தது. கல் பிறகுதான் கண்ணில் பட்டது. கருதல் முந்தி, காட்சி பிந்தி. அளவை வாதி வைத்த வரிசைக்கு இது நேர் எதிர்.

கதை அதோடு முடியவில்லை. சாந்தி பப்பு அம்மையாரும் அவர் குழுவினரும் அங்கே பல வருஷம் அகழ்ந்தார்கள். மிகப் பழைய கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வந்தது. அதற்கு மேலே உள்ள அடுக்கில், சிறிய சில்லுகளைத் திட்டமிட்டுப் பெயர்க்கும் அடுத்த காலத்துத் தொழில்முறை ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இல் வந்தது. அந்தத் தொழில்முறை சுமார் ஒன்றேகால் லட்சம் ஆண்டுகளுக்கு முன்னாலோ அதற்குப் பிறகோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மனிதர்களோடுதான் இந்தியாவுக்கு வந்தது என்று உலகத்துப் புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்தன. நம் ஆற்றங்கரைச் செம்மண் அந்தக் கருதுகோளை ஆட்டிவிட்டது. பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் அந்தப் பக்கத்துக் கற்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

நம் ஊர்ப் பெயரே ஒரு கருதுகோள்தானே. பாசு என்றால் மூங்கில், மூங்கில் காட்டில் சுயம்பு வெளிப்பட்டதால் பாச்சூர் என்று தல வரலாறு சொல்கிறது. வாசி என்ற கருவியால் வெட்டியபோது லிங்கம் தெரிந்ததால் வாசீஸ்வரர். அப்பரும் சம்பந்தரும் பாசூர் என்றுதான் பாடியிருக்கிறார்கள். மூங்கில் என்பது ஏதுவா, பெயருக்குப் பின்னால் வந்த எடுத்துக்காட்டா என்று நான் ஒருமுறை கோயில் வாசலில் கேட்டுவைத்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் "வாத்தியாருக்கு வேலையில்லை" என்று எழுந்து போய்விட்டார்.

நாலைந்து வருஷம் முன்பு, கும்மிடிப்பூண்டிப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் வந்து காலைத் தொட்டார். தலை நரைத்திருந்தது. அந்த 1979 பையன். இனி அவன் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. ஐ.டி.ஐ. முடித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிட்டராகச் சேர்ந்து, அந்த வருஷம் ஓய்வு பெறப்போகிறாராம். வேலை எப்படியப்பா என்றேன்.

"மெஷின் நின்னா எங்கள கூப்பிடுவாங்க சார். சத்தத்தைக் கேப்பேன். கைய வெச்சுப் பாப்பேன். எனக்கு பேரிங் மேல ஒரு சந்தேகம்னு சொல்லிட்டு அதைக் கழட்டுவேன். பேரிங் நல்லா இருந்தா அந்தச் சந்தேகம் போச்சு. அடுத்தது அலைன்மென்ட். இப்படியே ஒண்ணொண்ணா. இப்ப அதுக்கு ஒரு பாரம் வெச்சிருக்காங்க. என்ன சந்தேகப்பட்டோம், எப்படிச் சோதிச்சோம், என்ன தெரிஞ்சுதுன்னு கட்டம் கட்டமா எழுதணும். புதுசா வர்ற இன்ஜினியர் பசங்களுக்கு நான்தான் சொல்லித் தர்றேன்."

சந்தேகம். அத்தனை அகராதியும் புரட்டிய எனக்கு அந்தச் சொல் தோன்றவே இல்லை. என்னிடம் இருந்த எல்லாச் சொல்லும் பிடித்துக்கொள்வதைச் சொன்னவை. அவர் சொன்னது மட்டும், விடுவதற்கு ஆயத்தமாகப் பிடித்திருப்பதைச் சொன்னது.

நான் அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தேன். நான் சொன்னது தப்பு, உன் கேள்விதான் சரி என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் சங்கடப்பட்டார். மறந்தே போச்சு சார் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஞாபகம் இருக்கு சார்," என்றார். "அன்னிக்கு ராத்திரி வீட்ல சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. வாத்தியாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்டா, ஆனா நான் மதிப்பு போட்டா லட்சம் கல்லுல ஆயிரம் கூடக் கொறச்சல்தான் இருக்கும், அவருக்கு வேணும்னா ஒருநாள் வந்து எண்ணிப் பாக்கச் சொல்லுன்னாரு. உங்ககிட்ட வந்து சொல்லத்தான் பயம்."

பேருந்து வந்துவிட்டது. அவர் எனக்கு ஜன்னல் ஓரத்து இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார். அவருடைய அப்பா இருக்கிறாரா என்று வழியில் கேட்டேன். போய் ஒன்பது வருஷம் ஆயிற்றாம்.